ஆலயத்துக்கா, வீட்டுக்கா?

என் பெயரில் ஏழு மாதம் ஒரு நிலம் இருந்தது. ஆறரை அடி நீளம், மூன்றடி அகலம். ஐம்பத்திரண்டு வயதுவரை சிவகாசியில் வாடகை வீடு வாடகை வீடாக மாறிக்கொண்டிருந்தவன் சொந்தமாக வாங்கிய ஒரே மனை அது. பத்திரம் இல்லை, பட்டா இல்லை. வில்லங்கம் மட்டும் இருந்தது. அதுவும் என் வாயிலிருந்து புறப்பட்டது.

அதை எனக்கு விற்றவரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பட்டாசு ஆலையில் அவர் போர்மேன். ஊருக்குள் அண்ணாச்சி. வருஷத்தில் ஒரு நாள், எங்கள் கிறிஸ்தவ ஆலயத்தின் அறுப்பின் பண்டிகையன்று, ஏலக்காரர்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன், பிறகு அது குறுக்கே வரும். தினசரி நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் துணுக்கு இருக்குமே, அதை எழுதுகிறவன் நான். வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து சிரிப்பு. லீப் வருஷத்தில் ஒன்று கூடுதல், அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. என் படைப்புகள் நாள் தவறாமல் காலையில் கிழிக்கப்படுகின்றன. இவ்வளவு ஒழுங்கான விமர்சகர்கள் வேறு எந்த எழுத்தாளனுக்கும் வாய்த்திருக்க மாட்டார்கள். அண்ணாச்சி என்னைக் ‘காலண்டர் தம்பி’ என்பார்.

எங்கள் சொந்த ஊர் தாயில்பட்டிக்குத் தெற்கே இருக்கிறது. விளைச்சல் குறைவு, வெடி அதிகம். ஆனாலும் அறுப்பின் பண்டிகைக்கு ஒவ்வொரு வீடும் ஏதாவது கொண்டுவந்துவிடும். பூசணிக்காய், முருங்கைக்காய்க் கட்டு, சேவல், ஒரு படி சோளம். கொல்லையில் ஒன்றும் விளையாதவர்கள் பேக்கரியில் கேக் வாங்கி வருவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் மேசைக்கு வரும். மேசைக்குப் பின்னால் அவர் நிற்பார். வெள்ளை வேட்டி, முழங்கைவரை மடித்த சட்டை. மைக் வேண்டாம் என்பார். ஆலைக்குள் செல்போனே கூடாது, அங்கே தொண்டையால் வேலை வாங்கியவருக்கு மைக் எதற்கு?

“ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்.” உள்ளங்கையால் மேசையில் ஒரு அறை. உடனே அந்தக் கேள்வி: “ஆலயத்துக்கா, வீட்டுக்கா?”

வீட்டுக்கு என்றால் பொருளை எடுத்துக்கொண்டு போகலாம். ஆலயத்துக்கு என்றால், கேட்ட காசையும் கொடுத்துவிட்டு, பொருளையும் மேசைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அது மறுபடி ஏலத்துக்கு வரும். எங்கள் ஊரில் மானமுள்ளவர்கள் எல்லாரும் முதல் சுற்றில் ஆலயத்துக்கு என்பார்கள். ஊர் களைத்த பிறகு யாராவது ஒருவர் வீட்டுக்கு என்பார். ஒரு வருஷம் ஒரே ஒரு நாட்டுக்கோழி முட்டை பதினாறு முறை மேசைக்குத் திரும்பியது. கடைசியாக அதை வீட்டுக்கு எடுத்துப்போன அம்மா மாலையில் திரும்பி வந்தார்.

“அண்ணாச்சி, இது கூமுட்டை.”

“மூணு தரம் சொல்லியாச்சே தாயி.”

“நாறுதுய்யா!”

“அடுத்த வருசம் மேசைக்குக் கொண்டாங்க. ஏலம் விட்டுருவோம்.”

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். மூன்றாம் தரம் என்பது அவருக்கு வெறும் எண் இல்லை. அதைச் சொன்ன பிறகு திரும்பிப் போக அவரிடம் வழியே கிடையாது. இன்னொரு வருஷம் பழைய குருவானவர் மழைக்குக் கொண்டுவந்த குடையைத் தெரியாமல் பூசணிக்காய்களுக்கு நடுவே வைத்துவிட்டார். அண்ணாச்சி அதையும் தூக்கிக் காட்டிவிட்டார். டீக்கடைத் தங்கராசு நாற்பது ரூபாய்க்கு எடுத்தான். குருவானவர் பதறிப்போய், “ஐயோ, அது என் குடை” என்றார்.

“மேசைக்கு வந்தாச்சு ஐயா.”

“நான் தெரியாம வச்சிட்டேன்.”

“தெரியாமக் கலந்தாலும் மருந்து மருந்துதான். கலந்ததப் பிரிக்க முடியுமா?”

மருந்து என்றால் வெடிமருந்து. அவருடைய வேதாகமத்தில் அது ஒரு கூடுதல் அதிகாரம். தங்கராசு பெருந்தன்மையாக ஆலயத்துக்கு என்று சொல்ல, குடை மறு ஏலத்துக்கு வர, மூன்று குடை வாங்கும் காசுக்குக் குருவானவர் தன் குடையைத் தானே வாங்கிக்கொண்டு நனையாமல் வீடு போனார்.

பட்டாசு லேபிளுக்கு வாசகம் எழுதுவதற்காக அவருடைய ஆலைக்கு ஒருமுறை போயிருந்தேன். வேலை நடக்கும் அறையைப் பார்க்க ஆசைப்பட்டேன். வாசலில் கையை நீட்டி மறித்துவிட்டார்.

“அறைக்கு நாலு பேருதான் தம்பி. உள்ள நாலு பேரு இருக்காக. நீங்க அஞ்சு.”

“ஒரு நிமிஷம்தான் அண்ணாச்சி.”

“வெடிக்கதுக்கு ஒரு நிமிசம் ஜாஸ்தி.”

வெளியே வெயிலில் நின்றே பார்த்தேன். உள்ளே நான்கு பெண்கள் தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவரும் என்னோடு வெளியேதான் நின்றார். அவர் உள்ளே போனால் அவரும் ஐந்து. தீபாவளி சீசனில் ஆர்டர் நெருக்கியபோது முதலாளி அறைக்கு ஆறு பேரைப் போடச் சொன்னாராம். இவர் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்றாம் நாள் முதலாளி கார் அனுப்பினார். போனார். அறைக்கு நாலு பேர்தான்.

இப்படிப்பட்ட ஒருவரோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்பதை அவருடைய மனைவி நன்றாகக் கற்று வைத்திருந்தார். ஒரு பண்டிகைக்கு அண்ணாச்சி வீட்டுக் கோழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து மேசையில் கட்டிப் போட்டுவிட்டார். அது முட்டையிடுகிற கோழி என்பது பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சத்தத்தில்தான் அவருக்கே தெரிந்தது.

“ஏங்க, அது கறுப்பிங்க! அவுத்து விடுங்க!”

“மேசைக்கு வந்தாச்சு.”

அந்த அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்து நின்று ஏலம் கேட்டார். நாங்கள் வேண்டுமென்றே ஏற்றினோம். எடுத்தவன் தங்கராசு. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஆலயத்துக்கு என்றான். மறு ஏலத்திலும் எவனோ குறும்புக்காரன் ஏற்றினான். நான்தான். நானும் அந்த முகத்தைப் பார்த்தேன், ஆலயத்துக்கு என்றேன். மூன்றாம் சுற்றில் கறுப்பி அந்த அம்மாவுக்குக் கிடைத்தது. “ஆலயத்துக்கா, வீட்டுக்கா?” என்று கட்டிய மனைவியிடம், முன்பின் தெரியாதவளிடம் கேட்பதுபோல் கேட்டார் அண்ணாச்சி.

“வீட்டுக்கு. கோழிக்கு மட்டுந்தான் வீடு. நீங்க எங்கனயும் போயிச் சாப்பிட்டுக்கிடுங்க.”

ஆலயமே குலுங்கியது. அன்றைக்குத்தான் அவர் மேசைக்குப் பின்னால் நின்று சிரித்ததை முதலும் கடைசியுமாகப் பார்த்தேன்.

அந்த அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது. ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் குடோன் சுவர், நகர இடமில்லை. இப்போது இறப்பவர்கள் கண்மாய்க்கு அந்தப் பக்கம் உள்ள புது இடத்துக்குப் போகிறார்கள். தோட்டத்தில் கடைசியாக மிஞ்சியது இரண்டு பேருக்கான இடம். சபை அதை அவருக்குக் கொடுத்தது. இடது பக்கம் அந்த அம்மா. வலது பக்கத்தைச் சுற்றி அவர் ஒற்றைச் செங்கல் வரிசை பதித்து வைத்தார். தினமும் சாயங்காலம் ஆலையிலிருந்து வந்ததும் அந்தச் செங்கல் வரிசைக்குள் உட்கார்ந்து, அன்றைக்கு யார் வேலைக்கு வரவில்லை, எந்த லோடு போகவில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

ஆலயத்தின் கூரை விவகாரம் அதற்குப் பிறகு வந்தது. வெள்ளைக்காரப் பாதிரியார் காலத்துக் கட்டடம். பனங்கட்டைகளைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. ஒரு ஞானஸ்நான ஆராதனையில் ஓடு ஒன்று நழுவி விழுந்து, குழந்தைக்கு மூன்றடி தள்ளி உடைந்தது. சபைக் கமிட்டியில் பாதிப்பேர் இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டலாம் என்றார்கள். அண்ணாச்சி எழுந்தார்.

“இந்தச் சொவரு சுண்ணாம்பும் கருப்பட்டியும் போட்டு அரைச்சுக் கட்டுனது. என் தாத்தா அரைச்சாரு. அம்புட்டுப் பேரு அரைச்சாக. இடிக்கிறவன் வேற ஊர்ல போயி சபையில சேந்துக்கிடட்டும்.”

பழுதுபார்ப்பது என்று முடிவானது. அதற்கான செலவு இடித்துக் கட்டுவதைவிட இரண்டு மடங்கு என்று பொறியாளர் சொன்னபோது, கமிட்டி மொத்தமும் அண்ணாச்சியைப் பார்த்தது.

அவர் நன்கொடை கேட்ட விதமே தனி. யாரிடமும் காசு கேட்க மாட்டார், பொருள்தான் கேட்பார். “காசு குடுத்தா அது ஒரு தரந்தான் காசு. பொருளு குடுத்தா பத்துத் தரம் காசு” என்பார். சிவகாசி முதலாளிகள் பித்தளைக் குத்துவிளக்கும் கடிகாரமும் கொடுத்தார்கள். விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருக்கும் பாய் ஒரு மூடை மிளகாய் வத்தல் அனுப்பினார், ஏலத்தைப் பார்க்கத் தானும் வந்தார். அந்த வருஷப் பண்டிகையில் மூடை ஏழு முறை விலைபோனது. அதில் இரண்டு முறை பாயே ஆர்வம் தாங்காமல் கேட்டு எடுத்து ஆலயத்துக்கு என்று சொல்லிவிட்டார். தும்மிக்கொண்டே என் பக்கம் குனிந்தார்.

“முப்பது வருசமா மண்டி நடத்துறேன். சரக்கு எடத்த விட்டு நகரவே இல்ல, லாபம் மட்டும் வந்துக்கிட்டே இருக்கு. இது என்னங்க வியாபாரம்?”

அப்படியும் போதவில்லை. பழைய ஓடுகளையும் கட்டைகளையும் இறக்கிவிட்டார்கள், புதுக் கட்டைகள் ஏறிவிட்டன, ஓடு வாங்கக் கையில் ஒன்றுமில்லை. கோடை மழைக்கு முன் கூரை மூடாவிட்டால் சுண்ணாம்புச் சுவர் தண்ணீர் குடித்து ஊதிவிடும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். அந்த நிலைமையில்தான் அடுத்த மாசியில் பண்டிகை வந்தது. எலும்புக்கூடாக நின்ற கூரைக்கடியில் சாமியானாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சேவலும் கேக்கும் முடிந்தன. மேசையில் ஒரு சின்னப் பொட்டலம் மட்டும் மிச்சமிருந்தது. நாள்காட்டித் தாளில் மடித்தது. பின்பக்கம் மேலே தெரிந்தது. என் துணுக்கு. அதை இங்கே திருப்பிச் சொல்லும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

அவர் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். மண்.

“இது எங்கன உள்ள மண்ணுன்னு ஒங்க எல்லாத்துக்கும் தெரியும். எம் பொண்டாட்டிக்கு வலது பக்கம். சபை எனக்குக் குடுத்த எடம். ஏலத்துக்கு வருது. கேளுங்க.”

யாரோ ஒரு பெண் ‘ஆண்டவரே’ என்றாள். புதிதாக மாறுதலாகி வந்திருந்த குருவானவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். காற்றில் சாமியானா படபடவென்று அடித்தது. கோழியை ஏலம் விட்டால் சிரிக்கலாம். ஒரு மனிதர் தன் சாவுக்குப் பிந்தைய படுக்கையைத் தூக்கி மேசையில் வைத்தால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. கை அசைந்தால் அதுவும் கேட்டதாகிவிடும்.

“என்ன காலண்டர் தம்பி, சத்தத்தக் காணோம்?”

அவர் என்னைப் பார்த்துக் கேட்ட பிறகு எப்படிச் சும்மா இருப்பது? ஐயாயிரம் என்றேன். அதற்காகவே காத்திருந்ததுபோல் தங்கராசு ஆறு என்றான். பின்வரிசையில் பத்து. பூட்டு உடைந்துவிட்டது. எல்லாருக்கும் தெரியும், இது முட்டை மாதிரி சுற்றி வரப்போகிறது, ஒருவனும் வீட்டுக்கு என்று சொல்லப்போவதில்லை. அந்த தைரியத்தில்தான் கேட்டோம். என் ஒரு மாதச் சம்பளத்தில் வந்து நின்றது, கேட்டவன் நான்.

ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம். மேசையில் அறை.

“ஆலயத்துக்கா, வீட்டுக்கா?”

நான் எழுந்து நின்றேன். எல்லா முகங்களும் என்னைப் பார்த்தன. இருபத்தைந்து வருஷமாக நாளைக்கு ஒன்று என்று எழுதிப் பழகிய வியாதி. இறுகிப்போன ஒரு கூட்டத்தைக் கண்டால் என்னால் சும்மா இருக்க முடியாது.

“வீட்டுக்கு அண்ணாச்சி” என்றேன். “வாடகை மிச்சம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை.

அவருடைய கண் ஒரே ஒரு தடவை கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போய்த் திரும்பியது. பிறகு பொட்டலத்தை மறுபடி மடித்தார். ஓரங்களை நன்றாக நீவிவிட்டு மடித்தார், மருந்து மடிக்கிற கை. என் உள்ளங்கையில் வைத்தார்.

“வீட்டுக்கு” என்று ஊருக்குச் சொன்னார். “பண்டிகை ஏலம் முடிஞ்சது. ஜெபம் பண்ணுவோம்.”

ஜெபத்துக்குப் பிறகு அவரைச் சுற்றி ஒரே கூச்சல். விளையாட்டுக்குச் சொன்னேன் என்றேன், காசு அப்படியே இருக்கட்டும், இடம் உங்களுக்குத்தான் என்றேன். குருவானவர் கெஞ்சினார். தங்கராசு என் சட்டையைப் பிடிக்காத குறை. அவர் வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

“மூணு தரம் சொல்லியாச்சு. கேட்டேன், நீங்க ஒங்க வாயால சொன்னீக. திருப்பிக் குடுக்கணும்னா அடுத்த பண்டிகைக்கு மேசைக்குக் கொண்டாங்க தம்பி.”

பஸ்ஸில் திரும்பும்போது என் மனைவி சாத்தூர் வரும்வரை பேசவில்லை. சாத்தூரில் பேசினாள். “இருபத்தாறு வருசம் ஒங்ககூடக் குப்பை கொட்டியிருக்கேன். அடுத்தவரு பொண்டாட்டி பக்கத்துல எடம் வாங்கிட்டீங்க. எனக்கு எங்க பாத்திருக்கீங்க?”

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, அடுத்த வருஷத்து ஆடி மாதத்துச் சிரிப்பு ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

“தம்பி, சொகமா இருக்கீகளா? வேலையா இருந்தா அப்புறம் கூப்பிடுதேன்.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“ஒண்ணுமில்ல. தோட்டத்து வாசல்ல நிக்கேன். ஒங்க எடத்துல ஒரு அஞ்சு நிமிசம் உக்காந்துக்கிடட்டுமா? அவகிட்ட ஒரு விசயம் சொல்லணும்.”

பேனாவை மூடி வைத்தேன்.

“அண்ணாச்சி, அது உங்க இடம்.”

“அது எப்பிடி? சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

சரி என்றேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டு, எழுந்துவிட்டேன் என்று தகவல் சொன்னார்.

முன்பு தினமும் போனவர், என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைத்துக்கொண்டார். எப்போது வேண்டுமானாலும் உட்காருங்கள், கேட்கவே வேண்டாம் என்று எத்தனையோ முறை சொன்னேன். “மொத்தமாச் சொன்னா அது திருப்பிக் குடுத்த மாதிரி ஆயிரும் தம்பி. மேசைக்கு வரட்டும்” என்றார். ஒரு வெள்ளிக்கிழமை விருதுநகரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன், போனில் சார்ஜ் இல்லை. மறுநாள் தங்கராசு சொன்னான்: தோட்டத்து வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றாராம். கேட்டில் பூட்டு கிடையாது. திறந்துதான் இருந்ததாம். நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாராம்.

அன்றைக்கு ஆலையில் அவர் என்னை வெயிலில் நிறுத்தியது நினைவுக்கு வந்தது. அந்த நான்கு பேர் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக நிறுத்தினார். நான் இவரை எதற்காக நிறுத்தினேன்? ஒரு சிரிப்புக்காக. அதுவும் வரவில்லை.

சித்திரையில் கூரைக்கு ஓடு ஏறியது. கோடை மழைக்குச் சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. மணிக்கூண்டு மட்டும் பாக்கி. அதன் உத்தரம் விரிசல் விட்டிருந்ததால் மணியை இறக்கி ஓரமாக வைத்திருந்தார்கள். மாசி வரட்டும் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். நாள்காட்டிக்காரனுக்கு எண்ணவா தெரியாது?

புரட்டாசியில், சீசன் உச்சத்தில், ஒரு காலை ஏழு மணிக்குப் போன். அவருடைய மகள். விருதுநகரில் பள்ளி ஆசிரியை.

“சித்தப்பா, அப்பா போயிட்டாரு.”

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஆலைதான். “எந்த அறை?” என்று கேட்டுவிட்டேன்.

“ஆலை இல்ல சித்தப்பா. வீட்ல. விடியக்காலம் நெஞ்சு வலின்னாரு. அவ்வளவுதான்.”

முப்பத்தாறு வருஷம் வெடிமருந்தோடு இருந்தவர். நாங்கள் பயந்துகொண்டிருந்த சாவு அவரைத் தொடவே இல்லை. கட்டிலில் படுத்திருந்தவரை, எல்லாரையும் போல, சாதாரணமாக வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. அந்த அதிர்ச்சியிலிருந்து மீள்வதற்குள் அவள் அடுத்ததைச் சொன்னாள்.

“கண்மாய்க்கு அந்தப் பக்கம் குழி வெட்டுறாங்க. அப்பா அப்படித்தான் எழுதி வச்சிருக்காரு. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன், இவ்வளவு நாள் கேக்கல. ஏன் சித்தப்பா அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க? கைக்குட்டையில பணம் முடிஞ்சு வச்சிட்டு உக்காந்திருந்தேன். ஊரு பத்துச் சுத்துச் சுத்தட்டும், கடைசிச் சுத்துல நீ எடுத்துரு, எனக்கு எடமும் போகாது, கோயிலுக்குக் கூரையும் வந்துரும்னு சொல்லியிருந்தாரு. நீங்க முதல் சுத்துலயே…”

வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். மேசை டிராயரிலிருந்து பொட்டலத்தை எடுத்து வந்து தந்தவள் என் மனைவி.

ஊருக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. மணி இறங்கிக் கிடந்ததால் வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் துக்கத்துக்குத் தட்டிக்கொண்டிருந்தார்கள். புதுக் கூரைக்கடியில் பெட்டி. மகளிடம் போகவில்லை. தங்கராசுவிடம் போனேன்.

“மேசை எங்க?”

“எந்த மேசை?”

“ஏல மேசை. வெளிய தூக்கிட்டு வா.”

அவன் என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தான். போய்த் தூக்கி வந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் போட்டான். குருவானவர் ஓடி வந்தார்.

“அடக்க ஆராதனை ஆரம்பிக்கப் போறேன். என்ன செய்றீங்க நீங்க?”

“ஏலம், ஐயா. நான் இதை ஆலயத்துக்குத் திருப்பிக் குடுக்கிறேன். அவரு சொன்ன மாதிரியே மேசைக்குக் கொண்டுவந்துட்டேன்.”

“பிரேதத்தை வச்சுக்கிட்டா? சும்மா குடுங்களேன்!”

“சும்மா குடுத்தா வாங்க மாட்டாரு ஐயா” என்றான் தங்கராசு.

கூட்டம் மேசையைச் சுற்றிக் கூடியது. ஏலம் விட ஆள் இல்லை. விடத் தெரிந்த ஒரே மனிதர் உள்ளே படுத்திருந்தார். எனவே நான் நின்றேன். அழுத முகங்களுக்கு முன்னால் ஒரு பிடி மண்ணைப் பிரித்து வைத்தேன். நான் செய்வது அபசாரமா மரியாதையா என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போதும் உறுதியாகத் தெரியாது.

“கேளுங்க” என்றேன்.

மகள் முன்னால் வந்தாள். “ஒரு ரூபாய்.”

ஒரு தரம் என்றேன். ரெண்டு தரம் என்றேன். மூன்றாவதுக்கு வாயைத் திறந்தேன்.

“ஐந்நூறு!”

தங்கராசு. பெண்கள் பக்கம் ஐயோ என்று சத்தம் எழுந்தது. யாரோ கத்தினார்கள்: “ஏலே, ஒனக்கு அறிவிருக்கா? பெத்த மக கேக்கா!”

“ஒத்த ரூவாய்க்கா போகணும்?” தங்கராசு திருப்பிக் கத்தினான். கண்ணிலிருந்து தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. “அண்ணாச்சி ஏலத்துல எந்தப் பொருளாவது ஒத்த ரூவாய்க்குப் போயிருக்கா? முட்டை போயிருக்கா? எந்திரிச்சு வந்து செருப்பால அடிப்பாருலே!”

ஐந்நூறுக்கு மூன்று தரம் சொன்னேன். மேசையில் அறைந்தேன். கேட்டேன்: “ஆலயத்துக்கா, வீட்டுக்கா?”

“ஆலயத்துக்கு.”

மறுபடி. பாய் விருதுநகரிலிருந்து வந்திருந்தார். ஆயிரம் என்றார். ஆலயத்துக்கு என்றார். சீசன் சம்பளத்தை விட்டுவிட்டு, ஆலையிலிருந்து வந்திருந்த நான்கு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலு பேரும் சேர்ந்து ஒரு தொகைக்குக் கேட்டார்கள். ஆலயத்துக்கு. கூமுட்டை வாங்கிய அம்மா கேட்டார். கமிட்டியில் கான்கிரீட் வேண்டும் என்றவர் கேட்டார். ஆலயத்துக்கு, ஆலயத்துக்கு. மண் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. தண்டவாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தவர் தட்டுவதை நிறுத்திவிட்டு வந்து கேட்டார். குருவானவர் நெடுநேரம் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அங்கியைத் தூக்கி உள்பையில் கைவிட்டு, அவரும் ஒரு தொகை சொன்னார். மணிக்கூண்டு உத்தரத்துக்கு வேண்டியது மேசையில் சேர்ந்துவிட்டது என்பதை நாங்கள் மறுநாள்தான் கவனித்தோம்.

பத்தாவது சுற்றில் மகள் மறுபடி முன்னால் வந்தாள். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள். மாசியில் கொண்டுவந்திருந்த அதே முடிச்சு. தொகையைச் சொன்னாள். நான் கூட்டத்தைச் சுற்றிலும் பார்த்தேன். தங்கராசு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். மற்றவர்களும் கட்டிக்கொண்டார்கள்.

“ஒரு தரம். ரெண்டு தரம்.” அதற்கு மேல் வரவில்லை.

“சொல்லுங்க” என்றான் தங்கராசு மெதுவாக. “வெயிலு ஏறுது. குழி வெட்டணும்.”

மூணு தரம். மேசையில் அறைந்த கை அப்படியே அங்கே இருந்தது. இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்காமல் விட்டால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

“ஆலயத்துக்கா,” என்றேன், “வீட்டுக்கா?”

“வீட்டுக்கு” என்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஏழு மாதத்துக்கு முன் நான் அதைச் சொன்னபோதும் யாரும் சிரிக்கவில்லை.